நின்ற கோலம்

"இந்த நாற்காலி யாரோடது?" என்று விடுதி முதலாளி கேட்டபோது, அவள் அதில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்னோடது சார். வீட்டுலேர்ந்து கொண்டு வந்தேன்."

"எழுந்திரு."

எழுந்தாள். அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை முதலாளி செத்த எலியைத் தூக்குவது போல ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தார்.

விடுதிக்கு வயது நூற்று அறுபது. அவளுக்கு முப்பத்தெட்டு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை வரவேற்பு மேசை அவள் பொறுப்பு. நேரங்கெட்ட நேரத்தில் வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்க வேண்டும், விடியுமுன் கிளம்புகிறவர்களை எழுப்பிவிட வேண்டும். மற்ற ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் ராக்கோழி. கோழிக்காவது உட்கார ஒரு கம்பு உண்டு என்பது அவளுடைய வாதம்.

மேசைக்குப் பின்னால் உட்கார எதுவும் கிடையாது. காரணம் சுவரில் தொங்கியது. விடுதியை ஆரம்பித்த கொள்ளுத்தாத்தாவின் ஓவியம் அது. இடுப்பு வரைதான் தெரியும். விறைத்த முதுகு, கையில் சாவிக்கொத்து.

"பாரு, நின்ன கோலம்! நாப்பது வருஷம் நின்னுக்கிட்டே எல்லாரையும் வரவேத்தவர். பழமைதான் நமக்குச் சோறு போடுது. பிளாஸ்டிக்கைப் பாத்தா எவன் வருவான்?" என்றார் முதலாளி.

"அப்போ மர நாற்காலி போடுங்க சார்."

"உனக்கு வாய் நீளம்."

வாயை விடுங்கள், கால் வீங்கியது. மறுநாள் மாமியாரின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பரணிலிருந்து டப்பா எடுக்க மாமியார் ஏறி நிற்கும் உயரமான ஸ்டூல். எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறிக் கறுத்திருந்தது. பழசுதானே, என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று சட்டமாக ஏறி உட்கார்ந்தாள்.

முதலாளி ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த இரவு அவள் வந்தபோது அது கூடத்தின் நடுவில், சிவப்புக் கயிற்றுக்குள் இருந்தது. முன்னால் ஒரு பலகை: 'நிறுவனர் ஏறி நின்று விளக்கேற்றிய ஸ்டூல். தொடாதீர்கள்.'

"சார், இது என் மாமியார் ஸ்டூல்!"

"நேத்து வரைக்கும்."

வீட்டில் மாமியார் பரணை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "ஏண்டி, என் ஸ்டூல் எங்க?"

"வந்துடும் அத்தை."

வரவில்லை. அடுத்து ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுபோனாள். அது இரண்டே நாளில் 'முதல் விருந்தாளி மறந்துவிட்டுப் போன பெட்டி' ஆனது. செருப்பு வைக்கும் மர அடுக்கைக் கொண்டுபோனாள். அது 'நிறுவனரின் நூலகம்' ஆனது.

"வேலைக்குப் போறவ வீட்டுக்குச் சாமான் கொண்டு வருவா. நீ வீட்டையே காலி பண்ணி அங்க கொண்டு போறியே!" என்றார் மாமியார்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கால் கெஞ்சியது. அவள் கயிற்றைத் தாண்டிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போது வந்து சேர்ந்த ஒரு விருந்தாளி பலகையைப் படித்துவிட்டு, "உக்காரலாமா?" என்றார்.

"நான் உக்காரலாம். நீங்க வேணும்னா அந்தப் பெட்டியில உக்காருங்க."

அவரும் உட்கார்ந்தார். பேச்சுக்குரல் கேட்டு, லுங்கியை இறுக்கிக்கொண்டே முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"எழுந்திரு!"

"மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

அந்த வேலை போனால் வீடு ஆடிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கால்வலி பெரிதாக இருந்தது, கால்வலியைவிடக் கோபம்.

"போகட்டும் சார். உக்காந்துக்கிட்டே போறேன்."

முதலாளி சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தார். கொள்ளுத்தாத்தா தொப்பென்று விழுந்தார். கண்ணாடி நொறுங்கியது.

"காலையில வீட்டுக்குப் போறவ திரும்ப வராதே!" முதலாளி கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவிலிருந்து ஓவியத்தைத் தூக்கிக் காட்டினார். "இவர் ஒரு நாளாவது இங்க உக்காந்தாருன்னு காட்டு, நானே உனக்கு நாற்காலியைத் துடைச்சுப் போடுறேன்!"

ஆறு மணிக்குப் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் வந்து தரையில் கடை விரித்தார். அவர் பின்னாலேயே மாமியாரும் வந்தார்.

"எழுந்திருடி. என் ஸ்டூலைக் குடு."

"தொடாதீங்கம்மா, நூத்தியறுபது வருஷம் பழசு!" என்று முதலாளி பதறினார்.

மாமியார் ஸ்டூலைக் கவிழ்த்துக் காட்டினார். "இதோ, சின்ன வயசுல என் பையன் ஆணியால கீறின மோட்டார் சைக்கிள். இதுவும் உங்க தாத்தா கீறினதுதானா?"

மாடிப்படியில் நின்ற விருந்தாளிகள் சிரித்தார்கள். முதலாளியின் முகம் சிவந்தது.

"சரி, ஸ்டூல் உங்களோடதாவே இருக்கட்டும். எங்க தாத்தா நின்னாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

மாமியாருக்கு முன்னால் மருமகள் முந்திக்கொண்டாள்.

"அவர் நின்னிருக்கலாம் சார். நான் நிக்க மாட்டேன்."

தரையில் ஓவியத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தவர் தலையைச் சொறிந்தபடி நிமிர்ந்தார்.

"ஐயா, சட்டத்துக்குள்ள அடங்கலைன்னு படத்தோட கீழ்ப்பாதியைப் பின்னால மடிச்சு ஆணி அடிச்சிருக்காங்க, இதுல பெரியவர் ஸ்டூல்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரே, இப்படியே மாட்டிடவா, இல்ல திரும்ப மடிச்சிடவா?"