கதவில் சேறு படாத லாரி

இனிமேல் தன் லாரியின் கதவிலும் ஏறுபடியிலும் ஒரு பொட்டுச் சேறுகூடப் படக்கூடாது என்று கன்னியப்பன் முடிவெடுத்தது ஆவணி மாதத்தின் கடைசி வாரத்தில். முதலியார்பேட்டையில் அதுவரை எந்த லாரிக்காரனும் இப்படி ஒரு முடிவு எடுத்ததில்லை. அதுவும் கன்னியப்பனுடையது எழுபத்திரண்டாம் வருஷத்து மூக்கு நீண்ட வண்டி. முன்சக்கரம் வாரியடிக்கிற சேறு நேராக ஏறுபடிக்குப் போகும், அங்கே இடம் போதாமல் கதவுக்கு ஏறும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

வண்டியின் அழகு கெடுகிறது என்று மனைவி ஆதிலட்சுமியிடம் காரணம் சொன்னான். அந்த அழகு இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவள் கேட்கவில்லை. "ம்" என்றாள். அந்த 'ம்' கன்னியப்பனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

உண்மைக் காரணம் மீன் குழம்பு.

குழம்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் கதவில் இருந்த பெயரைச் சொல்லவேண்டும். இரண்டு கதவிலும் மஞ்சள் எழுத்தில் 'தனக்கொடி' என்று எழுதியிருந்தது. தனக்கொடி அவனுடைய அக்கா. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள், பிள்ளைச்சாவடியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வண்டி வாங்கிய அன்று கன்னியப்பனுக்கு வேறு பெயர் தோன்றவே இல்லை. கல்யாணமாகி மூன்றே மாதம் ஆகியிருந்த ஆதிலட்சுமிக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்காமலே பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவுக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள்.

அவள் பெருமாள் கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்தவள். புரட்டாசி பிறந்தால் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை படைத்து, மாவிளக்கு ஏற்றி, அன்றைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு. பிள்ளைச்சாவடியில் கடல் புரட்டாசி பார்ப்பதில்லை. படகு வந்தால் மீன், மீன் வந்தால் அக்கா வீட்டில் குழம்பு.

போன புரட்டாசியில் கன்னியப்பன் மாட்டிக்கொண்டான். வாயைக் கொப்பளித்து, கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெற்றிலையும் மென்றுகொண்டுதான் வந்தான். ஆதிலட்சுமி அவனைப் பார்க்கவே இல்லை, லாரியின் ஏறுபடியைப் பார்த்தாள். அவனுக்குத் தினமும் லோடு தெற்கே பாகூர் ரைஸ்மில்லுக்கு. அங்கே மண் கறுப்பு. வடக்கே காலாப்பட்டு, பிள்ளைச்சாவடிப் பக்கம் மண் சிவப்பு. ஏறுபடியில் செம்மண் அப்பியிருந்தது.

"பாகூர்ல எப்பங்க செம்மண் கொட்டுனாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சண்டை போடவில்லை. பெருமாள் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் கற்பூரம் ஏற்றினாள். அடுத்த புரட்டாசியில் அக்கா வீட்டுக்குப் போய் வாயை நனைத்தால் கதவில் இருக்கிற பெயர் அழியும், அந்த இடத்தில் 'ஆதிலட்சுமி' வரும். கன்னியப்பன் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தான். வயிறு நிறைந்திருந்த நேரம், எந்தச் சத்தியமும் சுலபமாக வந்தது.

ஒரு வருஷம் கழித்து, அது அவ்வளவு சுலபமாக இல்லை. பெயர் அழிந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தால் நெஞ்சை அடைத்தது. ஒரு மாதம் முழுக்கக் குழம்பில்லாமல் இருப்பதை நினைத்தாலும் அடைத்தது. ஒரே வேளைச் சாப்பாடான சனிக்கிழமையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, அன்றைக்கு மட்டும் வண்டியைக் கழுவிக் கொண்டுவரலாமா என்று யோசித்தான். மழை நாளில் கழுவின லாரி வீட்டுக்கு வந்தால் செம்மண்ணைவிட அதுதான் சந்தேகம். தினமும் சுத்தமாக இருந்தால் சனிக்கிழமை மட்டும் தனியாகத் தெரியாது. இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததில் அவனுக்கே தன்மேல் மரியாதை உண்டாயிற்று.

வழி சொன்னவர் எதிர்வீட்டு லூர்துநாதன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா. சக்கரத்துக்குப் பின்னால் அகலமாக ரப்பர் தொங்கவிட வேண்டும் என்றார்.

"பிரான்சுல அதுக்கு பவேத்துன்னு பேரு தம்பி. கொழந்த கழுத்துல கட்டுற துணிக்கும் அதே பேருதான். துன்றது சட்டையில சிந்தக்கூடாது பாரு."

இவருக்குக் குழம்பு விஷயம் தெரியுமோ என்று கன்னியப்பன் ஒரு நிமிஷம் திகைத்தான். தெரியாது, அவர் லாரியைப் பற்றித்தான் பேசினார்.

ஊருக்குள்ளேயே இருக்கிற மேட்டுப்பாளையம் கம்பெனி ஒன்றில் கழித்துப் போட்டிருந்த பெல்ட் ரப்பரைக் கேட்டு வாங்கி, இரண்டு துண்டாக வெட்டி, முன் மட்கார்டுகளின் கடைசியில் போல்ட் போட்டு மாட்டினான். தரைக்கு நாலு விரல் மேலே வந்து நின்றது. பாகூர்ச் சேற்றில் ஓட்டிப் பார்த்தான். ஏறுபடியில் சம்மணம் போட்டு உட்காரலாம், கதவில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை பிள்ளைச்சாவடி போனான். சங்கரா மீன், நாலு துண்டு. வீட்டுக்கு வந்து இறங்கியபோது ஆதிலட்சுமி வாசலில் நின்று ஏறுபடியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், உள்ளே போய்த் துளசித் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தான். இரண்டாவது சனிக்கிழமை ஐந்து துண்டு. மூன்றாவது சனிக்கிழமை பேய் மழை, அப்போதும் போனான். நான்காவது சனிக்கிழமையும் போய்வந்து இறங்கியபோது ஆதிலட்சுமி கதவைத் தடவிப் பார்த்து, நல்லாத்தான் யோசித்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாள். அன்றைக்குப் பெருமாள் முன்னால் கன்னியப்பன் போட்ட கோவிந்தா எதிர்வீட்டுக்குக் கேட்டது.

அந்த வாரம் ஆயுத பூஜை. வருஷா வருஷம் கதவு எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிற வடிவேல் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து உட்கார்ந்துவிட்டான். கன்னியப்பன் வாளியை எடுத்தான். ஆதிலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்துப் பக்கம் தான் கழுவுவதாகச் சொன்னாள். புடவை அழுக்காகும் என்று இவன் தடுத்தான்.

"எப்பிடி ஆவும்? அதான் ரப்பர் இருக்குதே," என்று சொல்லிவிட்டு, பழைய தோசைத் திருப்பியை ரப்பருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினாள்.

செங்கல் அளவுக்கு ஒரு மண்கட்டி விழுந்து இரண்டாக உடைந்தது.

உள்ளே கனமாகக் கறுப்பு. அதன்மேல் மெல்லிசாகச் சிவப்பு. மறுபடி கறுப்பு, மறுபடி சிவப்பு. முன்பெல்லாம் கதவில் தெறித்த மண் இரண்டு மழையில் கரைந்துபோகும். ரப்பர் சேற்றைக் கதவுக்குப் போகவிடவில்லை. வேறு எங்கேயும் போகவிடவில்லை. மழை படாமல் மட்கார்டு மேலே குடை பிடித்திருந்தது. ஒரு மாதத்து மண் நாள் தவறாமல் அங்கே சேர்ந்திருந்தது.

"என்னாங்க இது?"

"துரு. பழைய வண்டி இல்ல, இரும்பு விடுது."

ஆதிலட்சுமி ஒரு பாதியைத் தூக்கி வெயிலில் பிடித்து, விரல் வைத்து எண்ணினாள். "நாலு கோடு. கோட்டுக்குக் கோடு ஒரு வாரம் கறுப்பு. துரு சனிக்கெழம சனிக்கெழமதான் புடிக்குமா?"

கன்னியப்பன் வடிவேலைப் பார்த்தான். வடிவேல் பிரஷ்ஷைப் பார்த்தான்.

"மூணாவது கோடு மட்டும் ஏன் இம்மாந் தடிப்பா இருக்குது?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"அன்னிக்கு மழ. அக்கா வீட்டாண்ட சக்கரம் பொதைஞ்சிபோச்சு," என்றான். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

ஆதிலட்சுமி மண்கட்டியை மதில்மேல் பத்திரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். கற்பூரம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

"பேரு பழையபடிதான அண்ணி?" என்று வடிவேல் மெதுவாகக் கேட்டான்.

"இல்ல. என் பேரு. ரெண்டு கதவுலயும்." கதவை முந்தானையால் ஒருதரம் துடைத்தாள். "ஒரு மாசமா சேறு படாத கதவு. பெயிண்டு நல்லாப் புடிக்கும்."

கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. "ஆதி, என்னத் தூக்கி வளத்தவ. வண்டியில அவ பேரே இல்லன்னா மனசு ஒடஞ்சிடுவா" என்றான்.

ஆதிலட்சுமியின் முகமும் இளகித்தான் போயிற்று.

"நான் என்னா ராட்சசியா? அவங்க பேர எழுதாம விட்டுடுவனா?"

கன்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவளைப்போல ஒருத்தி கிடைப்பாளா என்றுகூட நினைத்தான். அவள் வடிவேல் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரெண்டு ரப்பர்லயும் எழுதிடுப்பா. அதுக்குன்னே பாத்துப் பாத்து அகலமாத் தொங்கவிட்டிருக்காரு."