செவந்தியின் பாடக்குறிப்பு

செவந்தி மறுபடியும் பெஞ்சில் ஓங்கித் தட்டினாள். பாட்டின் முதல் வரியிலேயே நின்றுபோன சொர்ணவல்லி டீச்சருக்குக் காது மடல் வரை சூடேறியது.

செவந்திக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை, எந்த வகுப்பிலும் உட்காருவதில்லை. பாட்டுக்கு மட்டும் உட்கார்ந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு பிள்ளைக்காகவே 1958 ஆடியில் தனியாகப் பாடக்குறிப்பு எழுதினாள் பாட்டு டீச்சரான சொர்ணவல்லி. முதலில் பெயர் சொல்லி ஒரு வரவேற்புப் பாட்டு, பிறகு தாளம், கடைசியில் வாயில் ஒரு சொல்லாவது. ஒரு மாதத் திட்டம். முதல் வரியைக்கூட முடிக்க விடாமல் தட்டுகிறதே அந்தப் பிள்ளை!

"சொன்னது புரியாத புள்ளைய எதுக்கு டீச்சர் ரிஜிஸ்டர்ல வச்சிருக்கணும்?" என்று கேட்டிருந்தார் ஹெட்மாஸ்டர் ரெங்கராஜ். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவதற்குள் தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவாராம். அடித்துவிட அவள் என்ன எழுத்துப் பிழையா? சொர்ணவல்லிக்கு ஆறவில்லை. அந்தப் பிள்ளையைக் காது கொடுத்துக் கேட்க இந்த ஊரில் ஒருவருக்காவது தோன்றுகிறதா?

பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தாள். செவந்தி சுவரில் தட்டினாள். டீச்சர் அவளை அறையின் நடுவில் உட்கார வைத்தாள். செவந்தி தரையில் தட்டினாள். டீச்சர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு பாடினாள். செவந்தி காலால் விட்ட உதையில் ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகள் அமுங்கியபடியே நின்றுவிட்டன. அன்று முழுக்க அது அந்த இரண்டு சுரங்களிலேயே முனகியது.

வாசலில் நின்று ஏதோ சொல்ல வந்த தாய் பொன்னுத்தாயை, "நீங்க நின்னா அதுக்குக் கவனம் சிதறும், அங்கிட்டுப் போங்க" என்று விரட்டியதும் அன்றுதான். அப்புறம் மனசு உறுத்தியது. இவ்வளவு கோபமும் பிள்ளைக்காகவா, நாற்பது பக்கம் எழுதிய நோட்டுக்காகவா? பதில் பிடிக்காததால் கேள்வியை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை திருமயம் பஸ்ஸில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர். சொர்ணவல்லி பாடினாள். செவந்தி ஒரு தட்டுத் தட்டினாள். டீச்சர் நிறுத்தினாள். இரண்டு தட்டு. டீச்சர் மறுபடி தொடங்கினாள். ஒரு தட்டு. நிறுத்தினாள். அவமானத்தில் கண் கலங்கியது.

ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரை விரித்து நீட்டினார். "நீங்களே பாருங்க சார். ஒரு மாசமா இதே கூத்துதான்."

"ஒரு மாசமா எந்திரிச்சு ஓடாம உக்காந்திருக்காளே, அது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா சார்?" சொர்ணவல்லி குறுக்கிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றியபடி, சன்னலுக்கு வெளியே நின்ற பொன்னுத்தாயைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. டீச்சர் சொல்றது ஒங்க புள்ளைக்குப் புரியுதா?"

"அதுக்கு எப்பவோ புரிஞ்சிருச்சுங்கய்யா. டீச்சருக்குத்தான் ஒரு தட்டுன்னா நிறுத்தணும், ரெண்டு தட்டுன்னா பாடணும்னு புரிய ஒரு மாசமாச்சு, இன்னும் ஒரு மாசம் பேரை விட்டு வைங்க, டீச்சரோட சுருதியையும் எம் புள்ள சரி பண்ணிரும்."