பில் மெஷின் முதலாளி

லைட்ஹவுஸ் குப்பத்து நீலமேகம் அன்று காலையில் ஒரு பெரிய முடிவோடு பாயை விட்டு எழுந்தார். இனிமேல் அவர் முதலாளி.

எதற்கு முதலாளி என்பதில்தான் இத்தனை வருஷமாகச் சிக்கல். கடலில் காற்றுதான் முதலாளி. அது திரும்பு என்றால் திரும்ப வேண்டும். படகில் பங்காளி தருமன் முதலாளி, ஏனென்றால் அவனுக்குத் தொண்டை பெரிசு. கரைக்கு வந்தாலோ கேட்கவே வேண்டாம். ஆம்பளை பிடிப்பான், பொம்பளை விற்பாள் என்பது அந்தக் கரையின் வழக்கம். மீன் கூடையில் விழுந்த நிமிஷமே அதன்மேல் புருஷனுக்கு இருந்த பாத்தியதை முடிந்துவிடும். அப்புறம் அதைக் குழம்பில்தான் பார்க்கலாம்.

போதாக்குறைக்கு அவர் மனைவி முனியம்மாள் ஒரு கடையும் வைத்திருந்தாள். வலை, கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு, எஞ்சின் ஆயில், கூடவே பிஸ்கெட்டு, பல்பொடி. எதிலும் விலை எழுதி ஒட்டியதில்லை. எல்லாம் அவள் மண்டைக்குள் இருந்தது. ஆள் தெருமுனையில் வரும்போதே அவனுக்கு வேண்டிய கயிறு எது என்று எடுத்து வெளியே போட்டுவிடுவாள். கடையில் ஒரே ஒரு ஸ்டூல். அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். தன் வாயிலிருந்து வரும் வார்த்தைக்காக நாலு பேர் காத்து நிற்கிற இடம் உலகத்தில் ஒன்றாவது வேண்டும் என்பது நீலமேகத்தின் நெடுநாள் ஏக்கம். அந்த இடம் அந்த ஸ்டூல்தான்.

பொன்னேரியில் ஒரு கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்ததிலிருந்துதான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. அதன் முன்னால் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு சாமான் விலையும் தெரியாது. மெஷினுக்குத் தெரிந்தது. ஆனாலும் கடைக்கு வந்த அத்தனை பேரும் அவரைத்தான் சார் என்று கூப்பிட்டார்கள்! நீலமேகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டார்.

"இந்தா முனிம்மா," என்றார் வீட்டுக்கு வந்ததும். "எவ்ளோ நாளைக்கு எல்லாத்தியும் மண்டையில சொமந்துக்கினு இருப்பே? கடைக்கு ஒரு பில்லு மெஷின் போட்டுடலாம்."

"போடு."

நீலமேகம் தடுமாறிப்போனார். இதற்காக வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த வாதங்கள் அத்தனையும் வீண்.

"மெஷினை நான் பாத்துக்குறேன். நீ ரெஸ்ட் எடு."

"சரி."

"ஸ்டூல்ல நான்தான் குந்துவேன்."

"குந்து."

"கடலுக்கு?"

"தருமன் வேற ஆளைக் கூட்டிக்கினு போவட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து முனியம்மாள் இப்படி வரிசையாகச் சரி சொன்னதே இல்லை. வேறொரு புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். நீலமேகம் சந்தோஷப்பட்டார்.

அடுத்த வாரமே மீஞ்சூரிலிருந்து பெனிட்டா ஸ்கூட்டரில் வந்தாள். மெஷின் கம்பெனியில் வேலை செய்கிற பெண். பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். விரலால் தொட்டால் வேலை செய்யும் ஒரு திரை. குட்டியாக ஒரு பிரிண்டர். தானே வெளியே ஓடிவரும் ஒரு பணப்பெட்டி. கையில் பிடிக்கிற ஸ்கேனர் ஒன்று, அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் அடித்தது. குப்பமே கடை வாசலில் கூடிவிட்டது. பெனிட்டா முனியம்மாளிடம் விலையெல்லாம் கேட்டு மெஷினில் ஏற்றி, கோடு போட்ட ஸ்டிக்கர்களை அச்சடித்து சாமான்களில் ஒட்டினாள். ஒரு மிதப்பை எடுத்து அதன் கோட்டில் வெளிச்சத்தைக் காட்டினாள். மெஷின் 'பீப்' என்றது. பிரிண்டர் கிர்ரென்று ஒரு சீட்டை நீட்டியது. அதில் 'மிதப்பு, பெரியது' என்று சுத்தத் தமிழில் இருந்தது.

கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

"பேனா இல்ல, மையி இல்ல," என்றான் தருமன் மெதுவாக. அவன் மெதுவாகப் பேசி அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை. "எழுத்து எங்கேர்ந்துமா வருது?"

"சூட்டுல வருதுண்ணே. இந்தப் பேப்பர் சூடு பட்டா கறுக்கும்."

தருமன் ஓடிப்போய் ஒரு கீச்சான் மீனோடு திரும்பி வந்தான். "இது முதுவுலகூட கோடு கோடாத்தான் இருக்குது. இன்னா வெலை சொல்லுது, அடி பாப்போம்!"

வெளிச்சம் மீன்மேல் மூன்று தரம் ஓடியது. மெஷின் மூச்சு விடவில்லை. கூட்டத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் மரியாதை குறையவில்லை. பெரிய மெஷின், கீச்சானுக்கெல்லாம் வாய் திறக்காது என்று பேசிக்கொண்டார்கள்.

"பாஸ்வேர்டு யாருக்குண்ணே போடணும்?" என்றாள் பெனிட்டா. "அது இல்லாம மெஷின் தொறக்காது."

"எனக்கு," என்றார் நீலமேகம். தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, யாரும் பார்க்காமல் தானே அதைத் தட்டினார்.

கிளம்பும்போது பெனிட்டா சொன்னாள்: "கடலோரமா இருக்கீங்க. உப்புக் காத்துதான் இதுக்கு எமன். உப்பு படிய விட்டுடாதீங்க."

"என்னாண்டையே சொல்றியா?" என்று நீலமேகம் சிரித்தார். "உப்போட பொறந்தவன்மா நான்."

அப்புறம் வந்ததெல்லாம் பொற்காலம். பீப் சத்தம் கேட்பதற்காகவே ஒற்றைத் தூண்டில் முள் வாங்க ஆட்கள் வந்தார்கள். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடலில் பக்கத்துப் படகுக்காரனிடம் எடுத்துக் காட்டினார்கள். காட்டூரிலிருந்துகூட இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து, சும்மா போகக் கூச்சப்பட்டுப் பல்பொடி வாங்கிக்கொண்டு போனார்கள். நீலமேகம் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையை ஒரு விரலால் தொடுவார். அது சொன்னதைக் கேட்டது! தொட்ட இடத்தில் திறந்தது, மூடு என்றால் மூடியது. வாழ்க்கையில் அவர் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன் அதுதான். சில சமயம் கடையில் யாரும் இல்லாதபோது அவருக்குக் கண் கலங்கிவிடும்.

முனியம்மாள் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போட்டாள். யாராவது அவளிடம் விலை கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்? முதலாளியைக் கேளு," என்பாள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் நீலமேகத்துக்கு வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருக்கும்.

பிறகு திரை பிசுபிசுத்தது. மேலே வெள்ளையாக ஒரு படலம். 'கயிறு' என்று தொட்டால் 'பிஸ்கெட்டு' வந்தது. பிரிண்டர் பாதி எழுத்தை முழுங்கியது. ஸ்டூல் ஆடிப்போகுமோ என்று நீலமேகம் முதலில் கொஞ்சம் பயந்தார். அப்புறம் புன்னகை செய்தார். உப்பு! இந்த ஒரு வைத்தியம் அவருக்குத் தெரியாததா?

கடலிலிருந்து வந்ததும் எஞ்சினைக் கழற்றி, நல்ல தண்ணி டிரம்மில் இறக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, உப்பு போகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வைப்பது அந்தக் கரையில் ஒவ்வொரு படகுக்காரனும் செய்கிற காரியம். கழுவாத எஞ்சின் சீக்கிரம் துருப்பிடித்துச் செத்துப்போகும். நீலமேகம் கழுவிய எஞ்சின் ஊரிலேயே அதிக நாள் ஓடியது. எஞ்சினும் மெஷின், இதுவும் மெஷின்.

முனியம்மாள் பொன்னேரிக்குப் போன நேரமாகப் பார்த்து, மெஷினைக் கழற்றிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணியையே எடுத்தார். சோப்பு போடவில்லை. அந்த அளவுக்கு விவரம் இருந்தது. திரையை முன்னும் பின்னும் அலசினார். பிரிண்டர் வாய்க்குள் ஒரு சொம்பு ஊற்றிக் குலுக்கினார். வெயிலில் காயவைத்து, தேங்காயெண்ணெயை மெல்லிசாகத் தடவினார். பளபளவென்று அது இருந்த அழகைப் பார்க்க அவருக்கே பெருமை தாங்கவில்லை.

கடைக்குள் கொண்டுபோய் சுவிட்சைப் போட்டார். திரையில் ஒரு நீலக்கோடு ஓடியது. 'சொய்ங்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை, கொஞ்சம் தேங்காயெண்ணெய் வாசனை. அவ்வளவுதான்.

நீலமேகம் பதறிப்போய் சுவிட்சை அணைத்தார். நனைந்த செல்போனை அரிசியில் புதைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எப்போதோ கேட்ட ஞாபகம். மெஷினைத் தூக்கி அரிசி டிரம்மில் இறக்கி, மேலே அரிசியைத் தள்ளி மூடி, மூடிமேல் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் முனியம்மாள் உள்ளே வந்தாள்.

"ஸ்டூலை விட்டுட்டு இங்க இன்னாயா குந்திக்கினு இருக்கே?"

"காத்து நல்லா வருது."

அந்த மூலையில் ஜன்னலே கிடையாது.

"மெஷினு எங்க?"

"சர்வீசுக்கு மீஞ்சூர் அனுப்பிட்டேன்."

"யார் எடுத்துக்கினு போனா?"

"பஸ்ஸுல ஏத்தி விட்டேன்."

"தனியாவா? பாவம், சன்னல் ஓரமா சீட்டு பாத்துக் குடுத்தியா?" என்றாள் முனியம்மாள். "சரி, எழுந்திரு. ஒலை வைக்கணும், அரிசி எடுக்கணும்."

"சோறு வேணாம் முனிம்மா. ஒடம்பு சூடா இருக்குது. கூழ் குடிக்கலாம்."

நீலமேகத்துக்குக் கூழ் என்றாலே குமட்டும் என்பது ஊருக்கே தெரியும். முனியம்மாள் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். மறுநாளும் காய்ச்சினாள். அதற்கு மறுநாள், கேட்காமலே இரண்டாம் சொம்பும் ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அந்தச் சமயம் பார்த்துப் புயல் எச்சரிக்கையை நீக்கினார்கள். நாள்கணக்காகக் கரையில் கட்டிக்கிடந்த படகுகள் எல்லாம் விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும். குப்பம் மொத்தமும் கடையில் வந்து மொய்த்தது. நங்கூரக் கயிறு, மிதப்பு, ஆயில், ஈயக்குண்டு என்று ஒரே கூச்சல். நீலமேகம் ஒரு கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். அதிலிருந்த கோடுகள் அவரைப் பார்த்தன. மெஷின் இல்லாமல் அந்தக் கோடுகளை எந்த மனுஷனால் படிக்க முடியும்?

"யோவ் முதலாளி!" தருமன் குரல் பழையபடி பெரிசாகிவிட்டது. "கயிறு குடுக்குறியா, இல்ல உன்னையே நங்கூரமாக் கட்டி எறக்கட்டுமா?"

நீலமேகம் கடையை விட்டு ஓடி, படகு நிழலில் உட்கார்ந்திருந்த மனைவி முன்னால் போய் நின்றார். அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தெம்பில்லை.

"முனிம்மா, நீயே வந்து குந்து. எனக்கு ஸ்டூலும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் காலையில தருமனோட கடலுக்குப் போறேன்."

"நெசமாவா? நான் ஒண்ணும் உன்னைப் போவச் சொல்லலையே."

"நானேதான் சொல்றேன்."

முனியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் தெரியும், கை எங்கே போகிறது எங்கே வருகிறது என்று நீலமேகத்துக்குத் தெரியவில்லை. ஒருவனுக்குக் கயிறு, இன்னொருவனுக்கு மிதப்பு, மூன்றாமவன் வாய் திறக்குமுன் அவனுக்கு ஆயில். விலையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வெளிச்சம் இல்லை, பீப் இல்லை. காகிதத்தில் எழுத்து வந்ததற்கு வாயைப் பிளந்த நீலமேகம், இத்தனை வருஷமாக இதைப் பார்த்தும் வாயைப் பிளக்காமல் போனோமே என்று நினைத்தார்.

கூட்டம் கரைகிற நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பெனிட்டா புத்தம்புதுப் பெட்டியோடு இறங்கினாள்.

"அக்கா, புது மெஷின் கொண்டாந்துட்டேன். பழசைக் குடுத்துடுங்க."

"அரிசி டிரம்முல இருக்குதும்மா, கையை விட்டு எடுத்துக்க," என்றாள் முனியம்மாள்.

நீலமேகம் பாய்ந்து முன்னால் வந்தார். "பழசா? அது புதுசில்லியா?"

"எங்க ஆபீசுல மூலையில கெடந்த டெமோ பீசுண்ணே," என்றாள் பெனிட்டா. "முதல்ல தூக்கிப் போடற பீசா ஒண்ணு வை, கழுவி முடிச்சப்புறம் புதுசைக் கொண்டுவான்னு அக்காதான் போன்ல சொன்னாங்க."

"நான் கழுவுவேன்னு உனக்கு எப்டி முன்னாடியே தெரியும்?" என்றார் நீலமேகம் மனைவியிடம்.

"டார்ச்சு லைட்டு, ரேடியோ, டிவி ரிமோட்டு," என்றாள் முனியம்மாள். "இந்த வூட்டுல உன் கையால நல்ல தண்ணியில குளிக்காத சாமான் எது? எனக்கு மெஷினும் வேணும், உன் ஆசையும் தீரணும். அதான்."

கோபம் வர வேண்டிய இடம். நீலமேகத்துக்கு வரவில்லை. மதிப்புதான் வந்தது. புது மெஷினைத் தூக்கி மேஜைமேல் வைக்க அவரும் ஒரு கை கொடுத்தார். பெனிட்டா முனியம்மாள் பெயரில் பாஸ்வேர்டு போட்டாள். பிறகு திரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"அண்ணன் பேரை எதுலக்கா சேக்கறது? இங்க முதலாளி, கேஷியர், ஸ்டாஃப்னு கேக்குது."

நீலமேகம் கேஷியருக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

முனியம்மாள் அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"கஸ்டமர்ல போடும்மா. நாளைக்குக் கடலுக்குப் போறாரு, கயிறு வாங்கணும்."