குடல் கிருமிகளுக்கு ஒரு நோட்டீஸ்

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவர். கால் ரெண்டும் வீங்கிப் போய் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மூணாம் மாடி, கிட்னி பிரிவு. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தாங்க.

"கிட்னி மேல தப்பு இல்லைம்மா. எல்லாம் குடல் கிருமிங்க வேலை. நார்ச்சத்து கிடைச்சா தின்னுட்டு சும்மா கிடக்கும். கிடைக்கலைன்னா கறி, முட்டையைப் பிரிச்சு மேஞ்சு கழிவைக் கக்கும். அது ரத்தத்துல ஏறி கிட்னி தலையில விழுது. இப்படியே போனா இவரை டயாலிசிஸ் மெஷின்லதான் போடணும்."

மெஷின்ல போட்டா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. அந்த மனுஷனுக்கு பஸ்தான் உயிர், நானெல்லாம் அப்புறம்தான்.

"அப்ப காய்கறி போடுங்கம்மா. தினம் கறியும் முட்டையும்தானே வருது? வீட்டுலேர்ந்து கொண்டாந்தா வாசல்லயே பிடுங்கிடறாங்க."

"குடல் எங்க பிரிவுல வராது. ரெண்டாம் மாடிக்குப் போங்க."

ரெண்டாம் மாடி டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்தார். "குடல் ஜோரா இருக்கு. கழிவு ரத்தத்துல ஏறிடுச்சுன்னா எங்க எல்லையைத் தாண்டிடுச்சு. மூணாம் மாடியைக் கேளுங்க."

ஏறி இறங்கி என் முட்டி தேஞ்சதுதான் மிச்சம். பொறுக்க முடியாம கண்காணிப்பாளர் அறையில போய்க் கத்தினேன். தங்கமான மனுஷன், உடனே 'குடல்-சிறுநீரக நல்லுறவுக் குழு' அமைச்சார். குழு பிஸ்கட் தின்னு, ஆழ்ந்து பரிசீலிச்சு, முடிவு சொல்லிச்சு: 'மேற்படி கிருமிகள் மேற்படி குடலில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருவதால், விளக்கம் கோராமல் நடவடிக்கை எடுப்பது இயற்கை நீதிக்கு முரணாகும்.'

"அதனால நோட்டீஸ் அனுப்பறோம்"னார் கண்காணிப்பாளர்.

"கிருமிக்கா? எப்படிங்க குடுப்பீங்க?"

"உங்க வீட்டுக்காரர் முழுங்கணும். இன்னொரு வழியும் இருக்கு. ஆனா ஆபீஸுக்கு மரியாதையா இருக்காது."

தினம் காலையில பியூன் வருவார். நோட்டீஸைச் சுருட்டி, தண்ணியோட குடுத்து, வயித்து மேல 'சேர்ப்பிக்கப்பட்டது'ன்னு சீல் குத்துவார். நோட்டீஸ், நினைவூட்டல், இறுதி எச்சரிக்கை, ஒவ்வொண்ணுக்கும் நகல். கறித் தட்டு வர்றப்ப வயித்துல இடமே இருக்காது.

"எப்படிங்க இருக்கு?"ன்னு கேட்டேன்.

"நினைவூட்டல் பரவாயில்லை. இறுதி எச்சரிக்கைதான் தொண்டையில நிக்குது."

அட, கொஞ்ச நாள்ல வீக்கம் வத்திச்சே! டாக்டரம்மா, "காகிதமும் நார்தானே, கர்மம்"னு முணுமுணுத்தாங்க. கண்காணிப்பாளருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. "நம்ம உத்தரவை மதிச்சு நடந்தது கிருமிங்க மட்டும்தான்யா!"

கிருமிகள் பணிந்துவிட்டபடியால் கோப்பு மூடப்பட்டது. நோட்டீஸ் நின்னுது. கறித் தட்டு காலியாச்சு. கால் மறுபடி வீங்கிச்சு.

நான் திரும்பவும் ஓடினேன். "ஐயா, இப்பவாவது காய்கறி போடுங்க."

"காய்கறிக்கு நிதி இல்லைம்மா. காகிதத்துக்குத்தான் இருக்கு."

அப்பத்தான் மண்டையில உறைச்சுது. காய்கறி கேட்டு தினம் ஒரு மனு எழுதிப் போட்டேன். தினம் ஒரு பதில் வந்துச்சு. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அதைச் சுருட்டி இவருக்குக் குடுத்தேன். ஆள் தேறி, வீட்டுக்கு வந்து, பஸ்ஸும் ஓட்ட ஆரம்பிச்சார்.

விஷயம் தெருவுக்குப் பரவிச்சு. எல்லாரும் மனு எழுதினாங்க. பெரிய வீட்டு அம்மாக்கள், "எங்க உடம்புக்கு வருமான வரி நோட்டீஸ்தான் ஒத்துக்குது"ன்னு பீத்திக்கிட்டாங்க. ரோடு சரியில்லைன்னு எழுதினவன் ரோட்டை மறந்தான், தண்ணி வரலைன்னு எழுதினவன் தண்ணியை மறந்தான். பதில் மொறுமொறுன்னு இருக்கான்னுதான் பார்த்தோம்.

போன வாரம் என் மனு மேல உத்தரவாகி, வார்டுல காய்கறி மூட்டை மூட்டையா இறங்கிச்சு. ஒருத்தரும் தொடலை. எனக்கு மனசு கேக்கலை. இதுக்காக எவ்வளவு அலைஞ்சேன்! ரெண்டு கேரட் வாங்கியாந்து, நறுக்கி, இவர் தட்டுல வச்சேன்.

ஒரு துண்டைக் கடிச்சார். மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடி இது, சீலே இல்லை?"