இமயம் ஷார்ஜாவுக்கு வந்த வரலாறு

இமயமலையில் ஏறியவர்கள் உண்டு. அதை வணங்கியவர்கள் உண்டு. அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்த மலையையே வேரோடு பெயர்த்து வந்து, ஷார்ஜா தொழில்பேட்டையில் பழைய டயர் கடைக்குப் பின்புறம் நட்டு வைத்த பெருமை, மனித வரலாற்றிலேயே எங்கள் கல்லூரிக்கு மட்டும்தான் உண்டு. அந்தத் திருப்பணியில் நானும் ஒரு கல் சுமந்தேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

என் பெயர் மணிகண்டன். துபாயில் உள்ள அந்தக் கல்லூரியில் ‘மாணவர் அனுபவ மேம்பாட்டுத் துணை ஒருங்கிணைப்பாளர்’. அதாவது பஸ்ஸுக்குப் போன் போடுவதும், கூட்டங்களுக்குச் சமோசா சொல்வதும் என் பொறுப்பு.

‘நேபாள, திபெத்தியப் பண்பாட்டில் மூழ்கி வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்’ என்று பளபளக்கும் தாளில் விளம்பரம் போட்டோம். அட்டையில் பனிமலை, கொடிகள், ஒரு யாக். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு சேர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெற்றோர்கள் விளம்பரத்தைப் படித்தார்கள். அங்கே வெந்நீர் வருமா என்று கேட்டார்கள். யாக் கடிக்குமா என்று கேட்டார்கள். ஒரு தாயார், “மேலே போகப் போக ஆக்சிஜன் குறையுமாமே, அதுக்கு ஃபீஸ்ல கழிப்பீங்களா?” என்று எழுத்துபூர்வமாகவே கேட்டார். இன்சூரன்ஸ்காரர்கள் போனையே எடுக்கவில்லை.

டீன் அவசரக் கூட்டம் கூட்டினார். எங்கள் டீன் சாதாரண ஆள் இல்லை. தும்மினால்கூட அதற்கு ஒரு நோக்கமும் எதிர்பார்க்கும் விளைவும் இருக்கும்.

“மணிகண்டன், பண்பாடு எங்கே இருக்கு? மண்ணுலயா, மனுஷங்ககிட்டயா?”

“மனுஷங்ககிட்ட சார்.”

“நேபாள மனுஷங்க எங்கே இருக்காங்க?”

“ஷார்ஜாவுல சார்,” என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். நான் குடியிருப்பது ஷார்ஜாவில்; என் வீட்டுக்கு எதிரே எழும்பும் கட்டடத்தில் தினமும் அவர்களைப் பார்க்கிறேன்.

டீன் எழுந்து நின்றார். கண்ணில் ஒளி தெரிந்தது. “அப்ப நேபாளம் ஷார்ஜாவுலதான் இருக்கு. நாம ஏன் தப்பான திசையில பிளேன் பிடிக்கணும்?”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ‘வெளிநாடு’ என்ற சொல்லை மட்டும் ஒருவர் ஆட்சேபித்தார். சாயங்கால டிராஃபிக்கில் துபாயிலிருந்து ஷார்ஜா போகும் நேரத்தில் காத்மாண்டுவுக்கே போய்விடலாம் என்று டீன் விளக்கியதும் அவர் உட்கார்ந்துவிட்டார். அதை மறுக்க இந்த நாட்டில் யாருக்கும் வாய் கிடையாது.

இப்படியாக ஒரு கட்டுமானக் கம்பெனியின் லேபர் கேம்ப், எங்கள் ‘இமாலய வளாகம்’ ஆயிற்று. கேம்ப் பாஸ் கார்மேகம், பரமக்குடிக்காரர். வாசலிலேயே கைகட்டி நின்றார்.

“சார், நேபாளி எத்தனை பேரு வேணுமோ தாரேன். திபெத்துக்காரன் மட்டும் மாஃபி, ஒருத்தன்கூட இல்ல.”

“சிலபஸ்ல இருக்கே?” என்றார் டீன், ஏதோ சிலபஸைப் பார்த்துவிட்டுத்தான் ஆண்டவன் நாடுகளைப் படைத்தான் என்பதுபோல.

கார்மேகம் தலையைச் சொறிந்தார். பிறகு முனியசாமியைக் கூப்பிட்டார். முனியசாமி கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் காட்டுகிறவர். திருப்புல்லாணிப் பக்கம். வெயிலுக்காக மொட்டை போட்டிருந்தார். மெஸ்ஸில் தொங்கிய அரக்குச் சிவப்புத் திரைச்சீலையைக் கழற்றி அவர் தோளில் சுற்றி, திபெத்திய லாமா ஆக்கினோம். காலியான மரக் கேபிள் உருளை ஒன்று பிரார்த்தனைச் சக்கரமாகப் பதவி உயர்வு பெற்றது. மந்திரத்துக்கு என்ன செய்வது என்று அவரே கவலைப்பட்டார். தினமும் காலையில் சைட்டில் சொல்கிற பாதுகாப்பு வாசகத்தையே அடிவயிற்றிலிருந்து இழுத்துச் சொல்லச் சொன்னேன்.

“பெல்ட்டை மாட்டு… கொக்கியைப் பாரு… கீழ ஆளு நிக்கானா பாரு…”

மாணவர்கள் கண்ணை மூடினார்கள். ஒரு பெண் அழுதேவிட்டாள். ஆயிரமாண்டுத் தொன்மை எலும்புக்குள் இறங்குகிறது என்று டீன் என் காதில் சொன்னார். எனக்கும் ஏதோ இறங்கத்தான் செய்தது.

நேபாளத்துக்கு அசல் ஆளே கிடைத்தார். தேக் பகதூர். சாரம் கட்டுகிற வேலை. பத்து மாடி உயரத்தில் பைப்பின் மேல் நடந்துபோகிறவர், தரையில் எங்கள் மாணவர்களைக் கண்டு கூச்சத்தில் தடுக்கி விழுந்தார். ஒரே ஒரு சிக்கல்தான். பல வருஷமாகக் கார்மேகத்தின் ரூமில், ராமநாதபுரம் ஜில்லாவுக்கு நடுவே படுத்து எழுந்தவர் அவர்.

“நேபாள மொழியில் மாணவர்களை வரவேற்கவும்,” என்றார் டீன்.

“வாங்க வாங்க. எல்லாரும் சாப்ட்டீகளா?” என்றார் தேக் பகதூர்.

அவரிடம் கேட்டால் எதற்கும் ஒரே பதில்தான். இதை ஏன் செய்கிறீர்கள்? “தெரியாது சார், அம்மாவுக்குத்தேன் தெரியும்.” இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? “அம்மாவைக் கேக்கணும் சார்.” மாணவர்கள் அனைத்தையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். ‘தாய்வழி அறிவு மரபு’ என்று ஒரு கட்டுரைகூடத் தயாரானது.

செமஸ்டரின் சிகரம் தசைன் பண்டிகை. நேபாளிகளுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. வாற்கோதுமையை இருட்டில் முளைக்கவிட வேண்டும். பத்தாம் நாள் வீட்டுப் பெரியவர்கள் தயிரும் அரிசியும் சிவப்புப் பொடியும் குழைத்து இளையவர் நெற்றி நிறைய அப்பி, மஞ்சள் முளையைத் தலையில் சூட்டி வாழ்த்துவார்கள். உலகத்தில் எங்கே கிடந்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். பண்டிகை நாளில் ஊஞ்சலாடி, கால் ஒரு தடவையாவது மண்ணை விட்டு எழும்ப வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போதே தேக் பகதூர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “சார், இந்தத் தசைனுக்கு நான் ஊருக்குப் போறேன். லீவு பாஸாயிருச்சு. எம்மக பொறந்ததுக்கப்புறம் இப்பத்தேன் போறேன். பள்ளிக்கூடமே போக ஆரம்பிச்சிட்டா சார்.” கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்துக் காட்டினார். உள்ளே சிவப்புச் சப்பாத்து ஒரு ஜோடி. மிதித்தால் விளக்கு எரியும். கையால் தரையில் தட்டி எரியவிட்டும் காட்டினார்.

டீனின் முகம் கறுத்தது. “நேபாளி இல்லாம எப்படித் தசைன் நடத்துறது?”

கம்பெனி மேனேஜரோடு ‘உயர்மட்டப் பேச்சுவார்த்தை’ நடந்தது. காபி ஆறுவதற்குள் முடிந்தது. தேக் பகதூரின் லீவு அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒருவர் தன் பண்டிகையைக் கொண்டாட வேண்டும் என்பதற்காகவே அவரை ஊருக்கு அனுப்பாமல் காப்பாற்றிய கல்லூரி வேறு எங்கேயாவது உண்டா, சொல்லுங்கள்.

“கால் பிளேன்ல எழும்பும்னு நெனச்சேன் சார்,” என்றார் தேக் பகதூர். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் சாரப் பைப்புகளைக் கொண்டே கேம்ப் முற்றத்தில் பிரமாதமாக ஓர் ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார். பாதுகாப்பு அதிகாரி வந்து, சோதித்து, பச்சை அட்டை மாட்டிய பிறகு, ஹெல்மெட் அணிந்த மாணவர்கள் ஒவ்வொருவராக மண்ணை விட்டு எழும்பினார்கள். கட்டியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கட்டிலுக்கு அடியில், வெட்டிய பெயின்ட் வாளியில், வாற்கோதுமை மஞ்சளாக முளைத்தது. அங்கேதான் அறிவுலக நெருக்கடி ஒன்று வெடித்தது.

“ஏன் இருட்டில் முளைக்கவிட வேண்டும்?” என்று டீன் கேட்டார்.

“தெரியாது சார், அம்மாவுக்குத்தேன் தெரியும்.”

“பரீட்சையில கேட்டாச்சே! விடை வேணுமே!” டீன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “யாராவது போய் அந்தம்மாவைக் கேட்டுட்டு வந்துதான் ஆகணும்.”

ஆமிரா என்று ஒரு மாணவி. காயல்பட்டினத்து வியாபாரி மகள், பிறந்து வளர்ந்தது துபாய். கையைத் தூக்கினாள். “சார், சிம்பிள்தானே? அவரே போய் அவங்க அம்மாவை ஆஸ்க் பண்ணிட்டு வரலாமே?”

கார்மேகம் தரையைப் பார்த்தார். தேக் பகதூர் டீனைப் பார்த்தார்.

“அவர் போயிட்டா இங்க நீ யாரைப் படிப்பே?” என்றார் டீன் வாஞ்சையோடு. ஆமிராவின் ‘தர்க்கச் சிந்தனை’ மதிப்பெண்ணில் இரண்டு குறைந்தது.

கடைசியில், ஷார்ஜா தசைன் அசலா என்று சரிபார்க்க ‘தர உறுதிக் குழு’ ஒன்று நேபாளம் செல்வதாக முடிவானது. குழு என்பது டீனும் நானும். கிளம்பும்போது தேக் பகதூர் சப்பாத்து டப்பாவை என் கையில் கொடுத்தார்.

“சைஸ் சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார். போன்ல பாத்து வாங்குனது.”

டீன் பொக்காராவில் ஏரியைப் பார்த்த அறையோடு தங்கிவிட்டார். இமயத்தைத் தக்க தூரத்திலிருந்துதான் ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. கடைத்தெருவில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கியதும் திபெத் பற்றிய ஆய்வும் நிறைவடைந்தது. மலைக் கிராமத்துக்கு நான் மட்டும் ஜீப்பில் போனேன். டிரைவர் கத்தாரில் வேலை பார்த்தவர், நல்ல இந்தி பேசினார். மொழிபெயர்ப்பும் அவரே.

கிராமத்தில் நான் கண்ட முதல் குறைபாட்டைக் கல்விப் புல நேர்மையோடு குறித்துக்கொண்டேன். ஊஞ்சல் இருந்தது, ஆட்டிவிட ஆள் இல்லை. ஆடு இருந்தது, வெட்ட ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். ஷார்ஜாவில் ஒரு ரூமுக்குள் இருக்கிற இளவட்டம் இந்த மலை முழுக்கத் தேடினாலும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எப்படித் தசைன் நடத்துகிறார்கள் என்று வியந்தேன்.

தேக் பகதூரின் அம்மாவிடம் கேள்வியைச் சமர்ப்பித்தேன். முளைப்பாரியை ஏன் இருட்டில் வைக்க வேண்டும்?

கிழவி விழுந்து விழுந்து சிரித்தாள். டிரைவர் சொன்னார்: “அவங்களுக்கும் தெரியாதாம். மாமியார் வச்சாங்களாம், இவங்களும் வைக்கிறாங்களாம். பிள்ளைங்க வந்தா தலையில சூடுவாங்களாம். வராத பிள்ளைங்களோடதை ஆத்துல விட்டுருவாங்களாம்.”

“போன வருஷம்?”

“ஆத்துலதான்.”

எழுதிக்கொண்டேன். எழுதுவதுதானே என் வேலை.

பத்தாம் நாள், நெற்றியில் பொட்டு வைக்கும் நல்ல நேரம் வந்ததும் ஷார்ஜாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே முனியசாமி லாமா உறுமிக்கொண்டிருந்தார். மாணவர்கள் குல்லாய் அணிந்து, பிரியாணிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தேக் பகதூர். “அம்மா” என்றதைத் தவிர அவர் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை. கிழவி தயிரும் அரிசியும் சிவப்பும் குழைத்து, விரல் நிறைய எடுத்து, நேராக வந்து என் போனின் மேலேயே அப்பினாள். மகன் நெற்றி இருந்த இடத்தில். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. இந்தப் பக்கம் திரை முழுக்கச் சிவப்பு. அதற்குள்ளிருந்து தேக் பகதூரின் குரல் மட்டும் தமிழில் வந்தது.

“சார், ஒண்ணுமே தெரியல சார். தொடைங்க சார்.”

நான் துடைக்கவில்லை. கை வரவில்லை. அவர் மகள் அஸ்மிதாதான் பழகிய கையாகப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள். அதற்குள் நெட் போய்விட்டது. கிழவி கையில் மீந்ததை என் நெற்றியில் வைத்தாள். அன்றைக்கு வாசலுக்கு வந்தவரை வெறும் நெற்றியோடு அனுப்பக் கூடாதாம். முளையையும் என் தலையில்தான் சூட்டினாள். இந்த வருஷம் ஆற்றுக்குப் போகவில்லை.

சப்பாத்து சிறுத்துவிட்டது. குதிகால் உள்ளே போகவில்லை. அஸ்மிதா அதைக் கையில் மாட்டி, சுவரில் தட்டி எரியவிட்டாள். பிறகு என் கழுத்து அடையாள அட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டாள். டிரைவர் சொல்லத் தயங்கினார். வற்புறுத்தினேன்.

“‘எங்கப்பாவை வச்சிருக்கிறது நீங்கதானா? எப்பத் திருப்பித் தருவீங்க?’ன்னு கேக்குது சார்.”

திரும்பியதும் அறிக்கை சமர்ப்பித்தோம். ஷார்ஜா தசைனே நேபாளத் தசைனைவிட முழுமையானது, காரணம் நேபாளத்தில் நேபாளியர் பற்றாக்குறை நிலவுகிறது என்று டீன் நிறுவினார். கரவொலி எழுந்தது. திட்டத்துக்கு விருது கிடைத்தது. அடுத்த ஆண்டும் தசைன் நம் வளாகத்தில்தான் என்று அறிவிப்பு வந்தது. தேக் பகதூருக்குச் சான்றிதழ் வழங்கினோம்: ‘நேபாளப் பண்பாட்டில் ஒரு செமஸ்டர் வெற்றிகரமாக மூழ்கியவர்.’ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“சப்பாத்து சரியா இருந்துச்சா சார்?”

“அளவெடுத்த மாதிரி இருந்துச்சு,” என்றேன்.

ஒரே ஒரு திருத்தம். இமயத்தைப் பெயர்த்து வந்தோம் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? தவறு. மலை அங்கேயேதான் இருக்கிறது, கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். நாங்கள் பெயர்த்து வந்தது அந்தக் குழந்தையின் அப்பனை.