பிரிக்காத பக்கங்களும் நிற்காத துடுப்பும்

மத்சுஏ. 2023 நவம்பர் 19, ஞாயிறு, பிற்பகல் 2.40. குத்திய முத்திரைகள் பன்னிரண்டு. முழுதாகப் படித்தவர்கள் யாருமில்லை.

மதிப்புக்குரிய ஹிரோமு மாமாவுக்கு, தொமொகி வணக்கத்துடன் எழுதுவது. கடிதமென்றால் முதலில் பருவத்தைப் பற்றி நாலு வரி வேண்டும் என்பீர்கள். குளிர்கிறது. ஏரி முழுக்கப் பனிமூட்டம். போதும்.

முப்பது வருஷத்துக்கு முன் நீங்கள் கட்டுரை எழுதித் தூக்கி நிறுத்திய 'ஏழாம் துடுப்பு' நாவல், இத்தனை புகழுக்குத் தகுதிதானா என்று எங்கள் வாசகர் வட்டம் சொல்ல வேண்டும். தகுதி உண்டென்றால்தான் பதிப்பகம் மறுபதிப்புப் போடும், உங்கள் கட்டுரையை முன்னுரையாக வைத்து. அதற்காக நீங்கள் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். ஆறு பேர் உண்டு என்கிறார்கள், ஆறு பேர் இல்லை என்கிறார்கள், பதின்மூன்றாவது ஆள் நான், சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் வட்டத்துக்குக் கொடுத்த ஒரே பிரதியை, தெருச் சுற்றறிக்கையை அனுப்புவதுபோலவே, அட்டையில் வைத்து வீடுவீடாக அனுப்பினார்கள். படித்தவர் தன் பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். சுற்றறிக்கையை யார் படிக்கிறார்கள்? நம் வீட்டிலேயே தேங்கிவிட்டது என்ற பேச்சு வரக் கூடாதென்று குத்தித் தள்ளிவிடுவோம். இதையும் அப்படியே தள்ளியிருக்கிறார்கள். எப்படித் தெரியும் என்றால், அது பழைய முறையில் கட்டிய புத்தகம், தாள்களின் ஓரம் ஒட்டியே இருக்கும், கத்தியால் பிரித்துக்கொண்டேதான் படிக்க முடியும். 160-ஆம் பக்கத்துக்கு மேல் ஒரு தாள்கூடப் பிரியவில்லை. நான் லிப்ட் பழுது பார்ப்பவன். கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில்.

இன்று காலைக் கூட்டத்தில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் செகிகவா, கதை மொத்தமும் இழுவை, 212-ஆம் பக்கம் மட்டும்தான் தேறும் என்றார். வட்டத் தலைவி ஒகுனோ அம்மா, அந்த ஒரு பக்கம் போதுமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில், ஏரி நடுவில், பனிக்குள், படகுக்காரன் துடுப்பை எடுத்து மடியில் வைத்துவிடுகிறான். துடுப்புச் சத்தம் மட்டும் நிற்பதில்லை. சண்டை போட்ட பன்னிரண்டு பேரும் அதில் மட்டும் ஒன்று. நான் புத்தகத்தைத் தூக்கிப் பிரியாத ஓரத்தைக் காட்டினேன். ஒகுனோ அம்மா தேநீர் ஊற்றியபடி,

"நீயும்தானேப்பா தலையாட்டுன? நீ எப்பப் படிச்ச?" என்றார்.

மாமா, நான் படித்தது 160 வரைதான். ஆனால் அந்தச் சத்தம் எனக்கும் தெரிந்திருந்தது.

யோசித்ததில் விடை கிடைத்தது. நீங்களும் படிக்கவில்லை. பிரிக்காத புத்தகத்தைக் கொடுத்ததே நீங்கள்தானே. அந்தக் காட்சியை உங்கள் கட்டுரையில் நீங்களாகக் கட்டிவிட்டிருக்கிறீர்கள். ஊர் கட்டுரையைப் படித்துவிட்டு நாவலைப் படித்ததாக நினைத்துக்கொண்டது. எனக்குச் சின்ன வயதில் நீங்களே சொல்லியிருப்பீர்கள். என் வாக்கு 'இல்லை'. வருத்தம்தான், ஆனால் பொய்க்கு முத்திரை குத்த மாட்டேன்.

அத்தையின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும். நீங்கள் நீண்ட நாள் நலமாக இருந்து என்மேல் கோபப்பட வேண்டும்.

தொமொகி

பி.கு.: செவ்வாய், நண்பகல். தபாலில் போடுமுன் எல்லாத் தாளையும் பிரித்துப் படித்தேன். 212-இல் படகு சும்மா கரை சேர்கிறது. அந்தக் காட்சி எங்கும் இல்லை. நூலகத்தில் உங்கள் கட்டுரையையும் தேடி எடுத்தேன். அதிலும் இல்லை. மேலே திட்டியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் செய்யப்போவது:

1. பதின்மூன்றாவது முத்திரையைக் குத்துவேன்.
2. 'தகுதி உண்டு' என்பேன். படிக்காதவனுக்கே கேட்கிற நாவலை வேறென்ன சொல்வது?
3. படகுத்துறை வழியாக வேலைக்குப் போவதை விடுவேன். இன்று காலை பனிக்குள் ஒரு படகு நின்றிருந்தது. துடுப்பு படகுக்காரன் மடியில் இருந்தது. சத்தம் வருகிறதா என்று நான் நின்று கேட்கவில்லை.