பச்சைச்சாமியும் தீபாவளிக் கறிச்சீட்டும்

வியாழக்கிழமை அன்னவாசல் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனால் பச்சைச்சாமி மடம் வந்துவிடும். பழைய அரிசி ஆலைக்கு ஏசி போட்டு, வாசலில் வாழைமரம் கட்டி, உள்ளே ஆளுயர டிவி ஒன்றை மாட்டினால் அது மடமாகிவிடும் என்பது, சாமி வருவதற்கு முன்னால் ஊருக்குத் தெரியாது.

சாமிக்கு வேட்டி பச்சை, துண்டு பச்சை, மோதிரக் கல் பச்சை. பங்குச் சந்தையில் விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு அல்லவா? அதனால் சாமிக்குச் சிவப்பே ஆகாது. தக்காளிச் சட்னியைக்கூடத் தள்ளி வைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் சிவப்பு அரளியை மட்டும் எப்படித் தொடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஊராக இருந்தால் மடம் எப்படி வந்திருக்கும்!

சாமியாவதற்கு முன்னால் அவர் பெயர் அரவிந்த்குமார். திருப்பூரில் ஏதோ ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தவர். சின்னச் சின்னக் கம்பெனிகளின் பங்கு விலை அவருக்குக் கனவில் வந்து சொல்லுமாம். பெரிய கம்பெனிகள் ஏன் வந்து சொல்லவில்லை என்றால், அவற்றுக்கு நேரமில்லையாம்.

சாமி பங்குக்குப் பூக்கட்டிப் பார்ப்பார். நம் பக்கத்தில் கல்யாணம் பேசுவதற்கு முன்னால் கோயிலில் பார்ப்பார்களே, அதேதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். கம்பெனியின் பெயரைச் சொல்லி, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் மறுநாள் விலை ஏறும். சிவப்பு வந்தால் இறங்கும். வந்தவர்களுக்கெல்லாம் அதே நிறத்தில் ஒரு பூ பிரசாதம். அதைத் தேதி போட்ட காகிதத்தில் மடித்து பீரோவில் வைக்க வேண்டும்.

இரண்டே நிபந்தனைதான். வாக்கை வெளியூர்க்காரர் காதில் போடக் கூடாது, போட்டால் பலிக்காது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் விரதம், கவுச்சி தின்னக் கூடாது. தின்றால் பூ பொய்க்கும். கூட்டம் மோதக் கூடாது என்று ஊருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். எட்டு ஊர், எட்டு மணி நேரம். என்ன ஒழுங்கு, என்ன ஒழுங்கு என்று பஞ்சாயத்தே மெச்சியது.

அன்னவாசல் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காருகிறவன் கறிக்கடை மூக்கன். முதல் வாரம் வெள்ளை வந்தது, ஏறியது. இரண்டாவது வாரமும் வெள்ளை, ஏறியது. மூன்றாவது வாரம் சிவப்பு. மூக்கன் வாங்காமல் ஒதுங்கிக்கொண்டான். மறுநாள் அந்தக் கம்பெனி தலைகுப்புற விழுந்தது. அன்றைக்கு மடத்தில் விழுந்து கும்பிட்டவன், எழுந்திருக்க ரொம்ப நேரமாயிற்று.

அதற்கு முன்னால் மூக்கன் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குக் கடையைக் கழுவிவிட்டு, மிச்சமிருக்கும் ஈரலை அவன் மனைவி அருணா மிளகு போட்டு வறுப்பாள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சுடுசோற்றில் அதைப் பிசைந்து, நெஞ்சுக்கறி கேட்டவர் யார், வெறும் எலும்புக்குப் பேரம் பேசியவர் யார் என்று சொல்லிச் சிரித்தபடி சாப்பிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மூக்கன் வாரம் முழுக்கக் கத்தி தீட்டினான் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது ஈரல் ஆறிக்கொண்டிருக்கும். மூக்கன் போனைத் தடவிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சந்தைக்கு லீவு என்று தெரியும். இருந்தாலும் தடவுவான். கால்கிலோ கேட்டவருக்கு அரைக்கிலோ போட்டு, அரைக்கிலோ கேட்டவரிடம் “ஏறுமாங்க?” என்று கேட்டான். வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை ஆட்டுச் சந்தைக்குப் போவதையும் விட்டுவிட்டான். அருணாதான் விடியக்காலையில் குட்டியானை வண்டியில் ஏறிப் போய் ஆடு பிடித்து வந்தாள்.

இந்த நேரத்தில் சாமி பெரிய வாக்கை அறிவித்தார். அன்னவாசலுக்கு மட்டும்தானாம், மற்ற ஊருக்கெல்லாம் பக்தி பத்தவில்லையாம். கம்பெனியின் பெயர் தங்கக்கொம்பு இன்ஃப்ரா கெமிக்கல்ஸ். அது கட்டடம் கட்டுகிறதா, பினாயில் காய்ச்சுகிறதா என்று யாருக்கும் தெரியாது. பங்கு மூன்று ரூபாய். முப்பது ஆகும் என்றார் சாமி. வருகிற வியாழன் பதினோரு மணிக்கு அவர் மணி அடிக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் பட்டனை அமுக்க வேண்டும்.

மூக்கனிடம் இரண்டு லட்சத்து இருபதாயிரம் இருந்தது. ஆனால் அது மூக்கனுடையது இல்லை. நூற்றுப்பத்து வீடுகள் மாதம் இருநூறு ரூபாய் என்று பத்து மாதம் கட்டிய தீபாவளிக் கறிச்சீட்டுப் பணம். வியாழன் முடிந்து வெள்ளிக்கிழமை சந்தையில் அந்தப் பணத்துக்கு ஆடு வாங்க வேண்டும். வாங்காவிட்டால் தீபாவளியன்று நூற்றுப்பத்து வீட்டுச் சட்டியும் கறிக்கடை வாசலில்தான் வந்து நிற்கும்.

“ஒரே நாளுதான் புள்ள. வியாழக்கிழமை காலையில போட்டு சாயங்காலமே எடுத்துருவேன். நூத்திப்பத்து வீட்டுக்கும் கறி போட்டு, ஒனக்கு ரெண்டு வளையலும் எடுக்கலாம்.”

“எனக்கு வளையலு கேட்டு யாரு அழுதா? ஈரலு ஆறுது, முதல்ல சாப்பிடுங்க” என்றாள் அருணா.

அந்த வியாழனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சந்தையில் அருணா ஒரு வேடிக்கையைப் பார்த்தாள். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஆடு கொண்டுவரும் காத்தாயி, நிறைசினை ஆடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து நாளில் குட்டி போடுகிற ஆட்டை எந்தப் புத்தியுள்ளவளும் விற்கமாட்டாள்.

ஆட்டுச் சந்தையில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியை அருணாவும் கேட்டாள். “எதுக்குக்கா விக்கிறீங்க?”

காத்தாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “சிங்கப்பூர்ல இருந்து எம் மகன் அனுப்புன காசு அம்புட்டையும் பச்சைச்சாமி வாக்குல போட்டேன்த்தா. ரெண்டு வாரம் பலிச்சுச்சு. மூணாவது வாரம் வெள்ளைப் பூவு வந்துச்சுன்னு மொத்தத்தையும் போட்டேன். விழுந்துருச்சு. நீ கவுச்சி தின்னுட்டே, அதான் பொய்ச்சிருச்சு, ஒரு மண்டலம் விரதம் இருந்துட்டு வான்னுட்டாரு.”

“தின்னீங்களா?”

“ஆட்டை வளத்து விக்கிறதோட சரி. எங்க வீட்டுல கறி எடுத்து ஆறு மாசம் ஆச்சு.”

அருணாவுக்குச் சுருக்கென்றது. கறி தின்னாத காத்தாயிக்குப் பூ பொய்த்திருக்கிறது. தன் வீட்டுக்காரனோ இரண்டாவது வாரம் விரத நாளிலேயே, உப்புப் பார்க்கிறேன் என்று சட்டியில் பாதியை வழித்துத் தின்றவன். அவனுக்குப் பலித்திருக்கிறது! அதுமட்டுமில்லை, காத்தாயியிடம் கம்பெனியின் பெயரைக் கேட்டால் மூக்கனுக்குச் சொன்ன அதே கம்பெனி. அதே மூன்றாவது வாரம் அதற்குத் தன் வீட்டு பீரோவில் இருப்பது சிவப்புப் பூ.

காத்தாயியின் ஆட்டை அருணாவே வாங்கிக்கொண்டாள். “இதை வெட்டமாட்டேன்க்கா. எங்க கொட்டாயில கெடக்கட்டும். ஒங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப வந்து பிடிச்சுக்கங்க” என்றாள். பிறகு சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆடு விற்க எல்லாத் திக்கிலிருந்தும் ஆள் வருகிற சந்தை அது. ஊருக்கு ஒரு பக்தர் சிக்காமலா போவார்? வாக்கை வெளியே சொல்லக் கூடாது என்று முதலில் முழித்தார்கள். தோற்றவனுக்கு இனிமேல் என்ன வாக்கு என்று அருணா கேட்டதும், மடை திறந்த மாதிரி கொட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மூக்கனிடம் சொன்னாள். அவன் காதைப் பொத்திக்கொண்டான். “கறி வெட்டுற கையோட சாமியப் பேசாத!”

“அந்தக் கறி வெட்டுற கைதான் உங்களுக்குச் சோறு போடுது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தத் தங்கக்கொம்பை நம்ம வாங்கணும்னா எவனாச்சும் விக்கணும்ல? மூணு ரூபா முப்பது ஆகப்போகுதுன்னா, அவன் எதுக்கு விக்கிறான்?”

பதில் தெரியாதபோது நாம் செய்வதையே மூக்கனும் செய்தான், கோபப்பட்டான்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு மடத்தில் அன்னவாசலே உட்கார்ந்திருந்தது. டிவியில் பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. சாமியின் போனில் தெரிவதெல்லாம் டிவியிலும் தெரியும். பக்தர்கள் பச்சையைத் தரிசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மூக்கன் போனில் இரண்டு லட்சத்து இருபதாயிரத்தையும் தட்டிவிட்டுக் கட்டைவிரலைத் தயாராக வைத்திருந்தான். நூற்றுப்பத்து வீட்டுச் சட்டிகளும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கையில் வாழையிலையோடு அருணா உள்ளே வந்தாள். பின்னால் காத்தாயி. அவளுக்குப் பின்னால் சந்தையில் பேசிய மற்ற ஆறு ஊர்க்காரர்கள்.

“இது உங்க நேரம் இல்லை” என்றார் சாமி.

“தெரியும் சாமி. பிரசாதத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருறோம்.” அருணா தரையில் இலையை விரித்தாள். “முதல் வாரப் பூவை எல்லாரும் வைங்க.”

தேதி போட்ட காகிதங்கள் பிரிந்தன. காய்ந்த பூக்கள் இலையில் விழுந்தன. நாலு வெள்ளை, நாலு சிவப்பு.

“ஒரே நாளு, ஒரே கம்பெனி. அன்னைக்கு வெலை ஏறுச்சு. சிவப்பு வாங்குன நாலு ஊரும் கறி தின்னுட்டாகன்னு விரதத்துக்கு அனுப்பியாச்சு. ரெண்டாவது வாரம் மிச்சம் நாலு ஊரு.” இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. “மூணாவது வாரம் மிச்சம் ரெண்டு ஊரு.” காத்தாயி ஒரு வெள்ளையை வைத்தாள். அருணா தன் வீட்டு பீரோவிலிருந்து கொண்டுவந்த சிவப்பை வைத்தாள்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. இலையில் எட்டு பூ, அதற்குக் கீழே நாலு, அதற்குக் கீழே இரண்டு. கணக்கில் தேறாதவனுக்கும் அது புரிந்தது.

“எட்டு ஊருக்குப் பாதி வெள்ளை, பாதி சிவப்புன்னு குடுத்தா, மூணு வாரம் கழிச்சு எவனோ ஒருத்தனுக்கு மூணும் பலிச்சுத்தானே ஆகணும்? அந்த ஒருத்தன் நம்ம. சாமி சொல்லல, சல்லடையில நம்ம தங்கிட்டோம், அவ்வளவுதான்.”

சாமி கண்ணை மூடித் திறந்தார். “ஊருக்கு ஊர் கிரகம் மாறும், தாயி.”

“ஊரு மாறலாம் சாமி. கம்பெனி ஒண்ணுதானே? ஒரே நாள்ல அது அன்னவாசல்ல எறங்கி, குன்றாண்டார்கோவில்ல ஏறுமா?”

எங்கோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு ஒரு தடவை கிளம்பிவிட்டால் சாமிக்கு ஆகாது. சாமிக்கு அது தெரியும். “மணியை அடிக்கிறேன், எல்லாரும் அமுக்குங்க!” என்று கத்திவிட்டு, ஒரு கையால் மணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தன் போனை அவசர அவசரமாகத் தட்டினார்.

அவசரத்தில் டிவியை மறந்துவிட்டார்.

ஆளுயரத் திரையில் பச்சைக் கோடு போய், பெயர் வந்தது. அரவிந்த்குமார். தங்கக்கொம்பு இன்ஃப்ரா கெமிக்கல்ஸ், நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பங்கு. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘விற்க’. சாமியின் விரல் போனில் அதை அமுக்கப் போவதை ஊரே அண்ணாந்து தரிசித்தது.

மூக்கன் எழுந்தான். “சாமி, முப்பது ஆகப்போற பங்கை நீங்க எதுக்கு விக்கிறீங்க?”

சாமி அந்த விநாடியே மௌன விரதத்தில் ஆழ்ந்தார். ஆழ்ந்தபடியே ஆலையின் பின்கதவை நோக்கி ஓடினார். காத்தாயி விடுவாளா? முரட்டுக் கிடாயை மடக்குகிற கை. வேட்டியின் நுனி கையோடு வந்துவிட்டது. பச்சை வேட்டிக்குள்ளே சாமி போட்டிருந்த டவுசர் நல்ல சிவப்பு.

அப்புறம் போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டது, சாமியைக் கூட்டிக்கொண்டு போனது. மூக்கன் மட்டும் அங்கேயே நின்றான். தட்டி வைத்த தொகையை ஒவ்வோர் எண்ணாக அழித்தான். “ஊர்க்காசைக் கொண்டுபோய்க் கவுத்திருப்பேனே புள்ள” என்று சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுகாதீங்க. விடிஞ்சா சந்தை. கத்தியைத் தீட்டுங்க” என்றாள் அருணா.

நூற்றுப்பத்து வீட்டிலும் தீபாவளிக் கறி கொதித்தது. கொட்டகையில் சினை ஆடு இரட்டைக் குட்டி போட்டிருந்தது. காத்தாயி வந்து மூன்றையும் முத்தமிட்டுக் கொஞ்சிவிட்டுப் போனாள். மத்தியானம் இரண்டு மணிக்கு மூக்கனும் அருணாவும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஈரல் சுடச்சுட இருந்தது. மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மூக்கனின் போன் காலையிலேயே சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. அவன் அதை இன்னும் கவனிக்கவில்லை.

கடைசி வாடிக்கையாளர் ஒருவர் கறிப்பையோடு நின்று கிசுகிசுத்தார். “மூக்கா, பக்கத்து ஊருக்கு நீலச்சாமின்னு ஒருத்தரு வந்திருக்காராம். வெத்தலையில மை தடவி பங்கு வெலை பாக்குறாராம். இவரு அசல் சாமியாம்ல?”

மூக்கன் வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டு அவரிடம் கேட்டான்.

“ஏங்க, ஆடு வாங்கப் போனா அது வாயைத் திறந்து, ஒவ்வொரு பல்லா எண்ணிப் பாக்குறோம். சாமியாரு வாயைத் திறந்தா மட்டும் நம்ம வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறோமே, ஏன்?”